கழுவினால் போகிற கட்டில்

மகனுக்கு ஆத்தா எழுதிக்கொள்வது. நான் சுகமா என்று உன் கடுதாசியில் நீ கேட்கவில்லை, அதனால் நானும் அந்தச் சங்கதிக்குப் போகவில்லை. உன் மகள் மீனாட்சி சுகம். வயிறு நன்றாக இறங்கிவிட்டது. ஆடி பிறந்ததும் பிள்ளை பிறந்துவிடும் என்று மருத்துவச்சி கையை வைத்துப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள். உன் பெண்டாட்டியும் சுகம். வீரபாண்டி அம்மனைக் கும்பிட்டு வருகிறோம் என்று உன்னிடம் சொல்லிவிட்டு தேனியில் பஸ் ஏறினவள், அம்மனையும் கும்பிட்டுவிட்டு, மகளையும் கூட்டிக்கொண்டு நேரே கம்பத்தில் என் வாசலில் வந்து இறங்கினாள். பொய் சொல்லவில்லை பார், கும்பிட்டுத்தான் வந்தாள். உன் வீட்டுக்கு வந்த நாளாக வாய் திறக்காதவள் முதல்முறையாகச் செய்த காரியம் அது. அவளைப் பற்றி நான் வைத்திருந்த எண்ணத்தை அன்றைக்கே மாற்றிக்கொண்டேன். உன்னைப் பற்றி வைத்திருந்த எண்ணத்தை மாற்ற இதுவரை ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

முதல் பிரசவம் பெற்றவன் வீட்டில்தான் நடக்கவேண்டும், மீனாட்சியை உடனே தேனிக்கு அனுப்பு என்று எழுதியிருக்கிறாய். அதோடு, சின்னமனூர் ஆசாரி தேக்கில் புதுக் கட்டில் செய்து முடித்துவிட்டான், தலைமாட்டில் இரண்டு மயில் எதிரெதிரே நிற்கின்றன, தோகையை ஒவ்வொரு கண்ணாகச் செதுக்கியிருக்கிறான் என்று எழுதியிருக்கிறாய். மகளுக்கு ஒரு வரி, மயிலுக்கு அரைப் பக்கம். இவ்வளவு பவிசான கட்டில் யாருக்கு என்று தேடிப் பார்த்தேன். பிள்ளை பார்க்க மதுரையிலிருந்து வரப்போகிற மாப்பிள்ளை படுக்க. பிள்ளை பெறப்போகிற மீனாட்சி எங்கே படுப்பாள் என்று நீ எழுதவில்லை. எழுதவேண்டிய அவசியமும் இல்லை, எனக்குத் தெரியும். உன் வீட்டுப் பின்கட்டில், பருத்தி மூட்டை அடுக்குகிற அறையில், தரையில், கோரைப்பாயில்.

நான் உன்னிடம் கேட்டது ஒன்றுதான். ஒரு இரும்புக் கட்டில் வாங்கிப் போடு, அவள் பிரசவத்துக்கு அதில் படுக்கட்டும், கட்டில் வந்த மறுநாளே அவளைக் கொண்டுவந்து விடுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அதற்கு நீ எழுதிய பதிலை இங்கே திரும்ப எழுதுகிறேன், உன் எழுத்தை உன் கண்ணாலேயே பார்: "இரும்புக் கட்டில் ஆஸ்பத்திரியிலும் ஜெயிலிலும் போடுவது. குடும்பம் நடத்துகிற வீட்டில் போட்டால் நாலு பேர் சிரிப்பார்கள். கட்டில் என்றால் மரம். மரத்தில் பிரசவம் பார்க்க முடியாது என்பது உங்களுக்குத் தெரியாததா?"

அந்த நாலு பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். சாயங்காலம் கமிஷன் கடையை அடைத்தபிறகு உன் வீட்டு வேங்கைக் கட்டிலில் வரிசையாக உட்கார்ந்து வெற்றிலை மெல்கிறார்களே, அவர்கள் முன்னால் இதை உரக்கப் படி. மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தாயானால் இன்னொரு முறை எழுதி அவர்கள் ஒவ்வொருவருக்கும் தபாலில் போடுவேன். எனக்குக் கை வலிக்காது. நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள்தான். அதற்கு மேலே படிக்க வைத்திருந்தால் இதைவிட மரியாதையாக எழுதக் கற்றுக்கொடுத்திருப்பார்கள். உங்களுக்கு அந்த யோகம் இல்லை.

அந்த வேங்கைக் கட்டிலிலிருந்தே தொடங்குகிறேன். உன் தாத்தா மலையில் நின்ற மரத்தை வெட்டி இறக்கி, இந்த வீட்டு நடுக்கூடத்தில் வைத்தே செய்வித்த கட்டில் அது. குத்துவிளக்குத் தண்டு மாதிரி கடைந்த கால்கள், தலைமாட்டில் கிளிகள். உனக்கு மயில், அவருக்குக் கிளி. இந்தக் குடும்பத்து ஆண்களுக்குத் தூக்கம் வர ஏதாவது ஒரு பறவை தலைக்கு மேலே நிற்கவேண்டும் போலிருக்கிறது. நான் வாக்கப்பட்டு வந்த புதிதில் அந்தக் கட்டிலில் படுத்தேன். மாதம் திரும்பிய அன்று காலையில் என் மாமியார் வந்து, "ஏத்தா, கட்டிலத் தொட்டுறாத, தள்ளி நில்லு. மரம் அது, தீட்டு ஊறிரும்" என்றார்கள். தள்ளி நின்றேன். அதற்குப் பிறகு கட்டிலுக்கும் எனக்கும் உறவு இல்லை. சுத்தமாக இருக்கிற நாளிலும் எதற்கு வம்பு என்று பாயிலேயே படுத்துப் பழகினேன். உன்னையும் உன் கூடப் பிறந்தவர்களையும் பெற்றது தரையில். இந்த வீட்டில் பெண் உடம்புக்குப் பயந்த ஒரே சாமான் அந்தக் கட்டில்தான்.

சாரல் காலத்தில் நடுக்கூடத்து ஓடு ஒழுகும். "ஏலே, கட்டில் மேல சொட்டுதுடா, நகட்டுங்கடா" என்று உன் தாத்தா போடும் சத்தத்தில் தொழுவத்தில் நிற்கிற ஆட்கள் ஓடி வருவார்கள். ஆளுக்கொரு காலைப் பிடித்துத் தூக்கி, உலர்ந்த இடம் பார்த்துக் கட்டிலை வைப்பார்கள். அந்த உலர்ந்த இடத்தில் என்ன இருந்தது என்று நினைக்கிறாய்? எங்கள் பாய் இருந்தது. நாங்கள் சுருட்டிக்கொண்டு ஒழுகுகிற பக்கம் போவோம். கட்டில் நனைந்தால் வெடித்துவிடும், பெண்கள் நனைந்தால் உலர்ந்துவிடுவார்கள் என்பது அவர் கணக்கு.

இவ்வளவு ஆசாரமான கட்டிலுக்குள்ளே ஒரு பெருங்குடும்பமும் குடியிருந்தது, மூட்டைப்பூச்சி. தேவாரம் ஊரிலிருந்து சம்பந்தம் பேச வந்த பெரிய மனிதர் ஒருவர் அதில் உட்கார்ந்து, பேச்சுக்கு நடுவே இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை சாய்ந்துகொண்டே இருந்தார். "என்ன மாமா, ஒரு மாதிரி நெளியிறீக?" என்று உன் அய்யா கேட்டார். "ஒண்ணுமில்ல மாப்ள, வேங்கை நல்ல சூடுல்ல, அதான்" என்றார் அவர். அடுப்படியில் நின்று கேட்ட எங்களுக்குச் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவர் போனபிறகு உன் அய்யா வந்து, கொதிக்கிற தண்ணீரைப் பொருத்துகளில் ஊற்றச் சொன்னார். அதற்கு மட்டும் நாங்கள் கட்டிலைத் தொடலாம்.

இப்போது உன் அக்காள் அழகம்மாளைப் பற்றி எழுதவேண்டும். நீ அவள் பேரை எடுப்பதில்லை, எடுத்தால் இந்தக் கடுதாசி எனக்கு மிச்சமாகியிருக்கும். அவளும் முதல் பிரசவத்துக்குத்தான் சின்னமனூரிலிருந்து இங்கே வந்தாள். அதுவும் ஆடி மாதம்தான். அந்த வருஷம் மலையிலிருந்து இறங்கின சாரல் ஊரை விட்டு நகரவே இல்லை. பின்கட்டுத் தரை கீழே ஊற்றுக் கண் திறந்த மாதிரி கசிந்தது. வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் பாயைப் போட்டு அவளைக் கிடத்தியிருந்தோம். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. ஆனால் அவளுக்கு உடம்பு தூக்கிப் போட ஆரம்பித்தது. மருத்துவச்சி வைக்கோலுக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு, "தாயி, அடியில எல்லாம் ஊறிக் கெடக்கு. பெத்தவள மொதல்ல ஒசரத்துல ஏத்துங்க" என்றாள். அழகம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆத்தா, குளுருதாத்தா. அந்தக் கட்டில்ல ஒரு ராவு மட்டும் படுத்துக்கிறேன்" என்றாள்.

நான் நடுக்கூடத்துக்குப் போய் உன் அய்யாவிடம் கேட்டேன்.

"ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? செம்புன்னா புளியப் போட்டு வெளக்கிரலாம். இரும்புன்னா கழுவிரலாம். இது மரம்டி. பிரசவத் தீட்டு ஊறிப்போச்சுன்னா அப்புறம் அடுப்புலதான் வைக்கணும்" என்றார்.

"அப்ப அடுப்புல வச்சுக்கிருவோம். மரம் பெருசா, புள்ள பெருசா?" என்றேன்.

"ஒரு மாசந்தான? தரையில கெடந்தா என்ன? நீயும் கெடந்து எந்திரிச்சவதான?" என்றார்.

அப்போது கட்டில் காலியாக இருந்ததா என்று உன் நாலு பேரும் கேட்பார்கள். காலியாக இல்லை. நீ படுத்திருந்தாய். மீசை அரும்பிய வயது. உனக்கு மூக்கு ஒழுகியது. மகனுக்குச் சளி பிடித்திருக்கிறது, தரையில் படுக்கக்கூடாது என்று உன் அய்யா உன்னை அதில் படுக்க வைத்து, இரட்டைக் கம்பளி போர்த்திவிட்டிருந்தார். நாங்கள் பேசியதெல்லாம் உன் காதில் விழுந்தது. போர்வையை விலக்கி எங்களைப் பார்த்தாய். எழுந்திருக்கப் போகிறாய், நான் இறங்கிக்கிறேன், அக்கா படுக்கட்டும் என்று சொல்லப்போகிறாய் என்று நினைத்தேன். "ஆத்தா, கதவச் சாத்து. சாரல் அடிக்குது" என்றாய்.

கதவைச் சாத்தினேன். அழகம்மாளுக்கு ஜன்னி கண்டது. பிள்ளைக்குத் தொட்டில் கட்டும் முன்னால் அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தப் பிள்ளை இப்போது சின்னமனூரில் அவன் அய்யாவின் வயலில் ஏர் பிடிக்கிறான், உன்னைப் பார்த்தால் மாமா என்று மரியாதையாகக் கும்பிடுகிறான். அவனுக்கு இந்தக் கதை தெரியாது. நாமெல்லாருமே அன்று தவறிவிட்டோம் ஆத்தா என்று பதில் எழுதி, என்னையும் உன் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொள்ளலாம் என்று பார்க்காதே. நான் கேட்டேன். இல்லை என்றது நீங்கள். எனக்கு அதில் பங்கு வேண்டாம்.

துக்கம் கேட்க வந்தவர்களை உன் அய்யா எங்கே உட்கார வைத்தார் தெரியுமா? அந்தக் கட்டிலில். வீடு முழுக்கச் சாவுத் தீட்டு, சுடுகாட்டிலிருந்து நேரே வந்தவர்களும் இருந்தார்கள், எல்லோரும் அதில்தான் உட்கார்ந்தார்கள். மரம் அன்றைக்கு எதையும் உறிஞ்சவில்லை. அதையாவது விடு. உன் அய்யா கை கால் விழுந்து கிடந்தாரே, அப்போது எங்கே கிடந்தார்? தை பிறந்ததிலிருந்து ஆனி வரைக்கும் அதே வேங்கைக் கட்டிலில் கிடந்தார். எச்சில், சளி, மலம், மூத்திரம் எல்லாம் அதில்தான். கொச்சையாக எழுதுகிறாள் என்று உன் ஆட்கள் முகத்தைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், துடைத்தவள் நான். தினம் விடிந்ததும் மஞ்சள் தண்ணீரைத் தெளித்து, வேப்பிலையால் துடைத்து, வெயில் வரும் பக்கம் இழுத்துப் போடுவேன். ஒருநாளாவது யாராவது, தீட்டு ஊறிவிட்டது, கட்டிலை அடுப்பில் வை என்று சொன்னார்களா? அவர் போன பதினாறாம் நாள் முடிந்ததும் நீ ஆசாரியைக் கூட்டிவந்து இழைப்புளி போட்டு, வார்னிஷ் அடித்து, கால்களைக் கழற்றி வண்டியில் ஏற்றி, "தாத்தா சொத்து" என்று தேனிக்குக் கொண்டுபோனாய். அதில்தான் உன் நாலு பேரும் உட்கார்ந்து வெற்றிலை போடுகிறார்கள். படிக்கிறதை இங்கே ஒரு நிமிஷம் நிறுத்து, எழுந்திருக்கிறவர்கள் எழுந்து கொள்ளட்டும். ஆண் கிடந்து அழுகினால் ஒரு இழைப்போடு மரம் புதுசாகிவிடும், பெண் பிள்ளை பெற்றால் மட்டும் மரத்தின் உள்வைரம் வரைக்கும் ஊறிவிடும் என்றால், அது மரத்தின் குணமா, உங்கள் குணமா?

இந்த நியாயத்தை வைத்து, மயில் கட்டிலிலேயே மீனாட்சியைப் படுக்க வை என்று நான் உன்னிடம் வழக்காடியிருக்கலாம். நீ ஒத்துக்கொள்ள மாட்டாய். நீ ஒத்துக்கொள்வதற்குள் ஆடியும் போய் ஆவணியும் போய்விடும். உன் புத்தியைத் திருத்துவதைவிட ஒரு கட்டிலைக் கொண்டுவந்து போடுவது சுலபம். அதுவும் உன் அய்யா எனக்கு ஒரு வழியைச் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார். இரும்புன்னா கழுவிரலாம். கோபத்தில் சொன்ன வார்த்தை, எனக்கு மறக்கவில்லை.

இரும்புக் கட்டில் என்றால் ஆஸ்பத்திரியாம். ஆமாம், ஆஸ்பத்திரிதான். எனக்குக் கண்ணில் புரை எடுக்க மதுரைக்குக் கூட்டிப்போய் விட்டுவிட்டு, கடையில் வேலை என்று நீ அன்று சாயங்கால ரயிலிலேயே திரும்பினாயே, அப்போது நான் இரும்புக் கட்டிலில் படுத்தேன். கல்யாணமான புதிதுக்குப் பிறகு என் முதுகு கட்டிலைப் பார்த்தது அன்றைக்குத்தான். பக்கத்துக் கட்டிலில் உசிலம்பட்டிக்காரி ஒருத்தி கிடந்தாள், அவளுக்கும் கண்ணில் கட்டு. "யக்கா, ரெண்டு பேரும் மகாராணி கணக்கா கெடக்கோம்ல? வீட்டுக்குப் போனா இந்தக் கட்டிலக் கனவுலதான் காணணும்" என்றாள். ஒருத்தி எழுந்து போனதும் பணிப்பெண் கொதிநீரும் மருந்துத் தண்ணீருமாகக் கட்டிலைக் கழுவித் துடைப்பாள், அடுத்தவள் வந்து படுப்பாள். நீ என்ன ஆள், உனக்கு இன்றைக்கு என்ன நாள் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. நீ ஜெயில் என்று எழுதினாயே, ஜெயிலில் கிடக்கிறவனுக்கும் தரையிலிருந்து உயரத்தில் ஒரு படுக்கை கொடுக்கிறார்கள் என்று உன் கடுதாசியிலிருந்துதான் தெரிந்துகொண்டேன். உன் வீட்டுப் பெண்களுக்கு அதுவும் இல்லை.

மரத்துக்கும் இரும்புக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. மரம் பார்க்க லட்சணம், சித்திரை வெயிலில் குளிர்ச்சி, புரண்டால் சத்தம் போடாது. இரும்பு புரண்டால் கிறீச்சிடும். கிறீச்சிடட்டும், மேலே ஒருத்தி படுத்திருக்கிறாள் என்று வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும். மார்கழியில் முதுகு சில்லிடும், அதற்கு ஜமுக்காளம் இருக்கிறது. நம் ஊர்ச் சாரலுக்குத் துருப்பிடிக்கும், விளக்கெண்ணெயைத் தொட்டுத் துடைத்தால் சரியாகப் போகும். மூட்டைப்பூச்சிக்கு அதில் குடியிருக்க இடம் குறைவு. இன்னொன்றும் கேட்கிறேன். பிள்ளை பெற்றவள் தலைமாட்டில் அரிவாளைக் கொண்டுவந்து வைக்கிறீர்களே, இரும்பு கிட்டே இருந்தால் காத்து கருப்பு அண்டாது என்று? அவ்வளவு காவலான இரும்பு தலைமாட்டில் மட்டும் இருக்கலாம், முதுகுக்கு அடியில் இருக்கக் கூடாதா?

உன் பதில் வந்த மறுநாளே வண்டியைப் பூட்டச் சொல்லி, உன் பெண்டாட்டியையும் ஏற்றிக்கொண்டு லோயர் கேம்ப்புக்குப் போனேன். அங்கே இஞ்சினியர் துரை ஒருவர் ஊருக்குப் போகும்போது விட்டுப்போன சாமான்களை ஒரு மலையாளத்தான் வாங்கி வைத்து விற்கிறான் என்று கேள்விப்பட்டிருந்தேன். கருப்புப் பெயின்ட் அடித்த கட்டில், சட்டம் நேராக இருக்கிறது, கம்பி வலை தொய்யவில்லை, தலைமாட்டில் பித்தளைக் குமிழ். பறவை எதுவும் இல்லை. நான் ஆட்டிப் பார்ப்பதைக் கண்டு அவன், "அம்மே, நல்லோணம் நோக்கிக்கோ. இது சாயிப்பு கிடந்ந கட்டிலாணு" என்றான். உன் பெண்டாட்டி சட்டென்று ஒரு அடி பின்னால் வைத்தாள். "துரை கெடந்ததாம்ல அத்தை? மாடு திங்கிறவுக கெடந்தத எப்படி வீட்டுக்குள்ள..." என்று என் காதில் சொன்னாள். "அதுக்கென்னத்தா? இரும்பு. கழுவினாப் போச்சு. ஒம் மாமனார் சொன்னாக" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வண்டிக்காரன் வருமுன் அவளே ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் வாசலில் போட்டுக் கழுவினோம். ஊரே பார்க்கத்தான் கழுவினோம். உன் தாத்தாவின் வேங்கைக் கட்டில் கிடந்த அதே நடுக்கூடத்தில், ஒழுகாத இடமாகப் பார்த்துப் போட்டிருக்கிறேன். கூரை ஓடுகளையும் மாற்றிவிட்டேன். மீனாட்சி அதில்தான் படுத்திருக்கிறாள். நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இப்போது, "அப்பத்தா, அய்யாவ ரொம்ப வையாதீக" என்கிறாள். "வையலத்தா, கட்டில் விவரம் எழுதுறேன்" என்றேன். சிரிக்கிறாள், கட்டில் கிறீச்சிடுகிறது. அவள் தேனிக்கு வரமாட்டாள். பிள்ளை இங்கே, இந்தக் கட்டிலில் பிறக்கும். பெற்று எழுந்தபிறகு கட்டிலை அவளோடேயே மதுரைக்கு ஏற்றி விடுவேன். மாதம் திரும்புகிற நாளிலும் அவள் அதில்தான் படுக்கவேண்டும், அதை மாப்பிள்ளையிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

சேதி வந்ததும் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளை பார்க்க வாருங்கள். சோறு உண்டு, வெற்றிலை உண்டு. கட்டில் கிடையாது. மயிலை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து நிற்காதே, அதை உள்ளே விடமாட்டேன். பின்கட்டில் உங்கள் இருவருக்கும் கோரைப்பாய் எடுத்துவைத்திருக்கிறேன், அழகம்மாள் கிடந்த அதே இடம்தான். ஆடிச் சாரலில் தரை கொஞ்சம் ஊறியிருக்கும். ஒரு ராத்திரிதானே, கிடந்தால் என்ன? சாரல் அடித்தால் என்னைக் கூப்பிடாதே. எழுந்து போய்க் கதவை நீயே சாத்திக்கொள்.

உன் ஆத்தா